மேற்குப் பக்கம் குத்திய குழை

சுத்தமாகச் சுரண்டி வைத்த நிலத்தைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் உள்ளூர ஒரு பயம் வரும். என் வீட்டுக்காரி முற்றத்தைக் கூட்டி, வேலியோரம் நட்ட வேப்பங்கன்றைச் சுற்றி ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கிவிட்டு, வடிவாக இருக்கிறதா என்று கேட்பாள். வடிவுதான் என்று சொல்வேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒரு காய்ந்த தென்னோலையைக் கொண்டுபோய்க் கன்றின் மேற்குப் பக்கம் சாத்திவிடுவேன். இந்த மனிதனுக்கு மறை கழன்றுவிட்டது என்பது அவளுடைய முடிவு. அவள் சொல்வதில் பிழையில்லை. அந்த மறை கழன்றது உன்னிச்சைப் பக்கத்துக் காட்டில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்து மூன்று வயது. காட்டு இலாகாவில் கார்ட், அதாவது காவலாளி வேலை கிடைத்து, காக்கிச் சட்டையும் தொப்பியும் தந்தார்கள். சட்டை எனக்கு இரண்டு விரல் பெரிது. அதைப் பற்றி யாராவது வாய் திறந்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நான் எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் நடுவே பிறந்தவன். வேலை வாவிக்கு மறுகரையில், படுவான்கரை வயல்களையும் தாண்டிக் காடு தொடங்குகிற இடத்தில். தோணியில் வாவியைக் கடந்து, மாட்டு வண்டியில் பாதி வழி போய், மிச்சத்தை நடக்க வேண்டும்.

எங்கள் அப்பா வட்டை விதானையாக இருந்தவர். ஒரு வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்கள் அத்தனையும் சேர்ந்தது ஒரு வட்டை. அந்த வட்டையில் அவர் சொல்கிற நாளில்தான் விதைப்பு, அவர் சொல்கிற நாளில்தான் தண்ணீர். வரம்பில் நடந்துபோகும்போது புல் நிற்கிற வயலைக் கண்டால் காறித் துப்பிவிட்டுத்தான் மறு அடி வைப்பார். அந்த வயல்காரன் பிறகு எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தாலும் அவனுக்குப் பின்வரிசைதான். புல் பிடுங்குகிறவன் நல்லவன், பிடுங்காதவன் கெட்டவன். மனிதரைப் பற்றி எனக்கு அப்போது தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

என் பொறுப்பில் ஆறு துண்டு நிலம் இருந்தது. இலாகா ஆறு குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டு காடு கொடுத்திருந்தது. அவர்கள் அதை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்யலாம். குரக்கன், சோளன், பயறு, பூசணி எது வேண்டுமானாலும் போடலாம். அதற்குப் பதிலாக, பயிருக்கு இடையில் இலாகா தருகிற முதிரை மரக் கன்றுகளை நிரை நிரையாக நட்டு, அறுவடைக்குப் பிறகும் அடுத்த மாரி மழை வரை அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கன்றுகள் நன்றாக நின்றால் அடுத்த வருடம் பக்கத்துத் துண்டுக்குப் பெர்மிட் கிடைக்கும். செத்தால் பெர்மிட் இல்லை. வயல் இல்லாத குடும்பங்கள் அவை. துண்டு போனால் அந்த வருடத்துச் சாப்பாடு போனது என்று அர்த்தம்.

வேலையில் சேர்ந்த அன்று என் மேலதிகாரியான றேஞ்சர் எனக்கு இரண்டு விஷயம் சொன்னார். சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது யாரையும் முறை சொல்லிக் கூப்பிடாதே, பிறகு ஒருவரும் உன் சொல்லைக் கேட்க மாட்டார்கள் என்பது ஒன்று. கன்றுகளைப் புல் அமுக்க விடாதே, அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும் என்பது மற்றது. மாமா, மச்சான், அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டு வளர்ந்தவனுக்கு முதலாவது கஷ்டமாக இருந்தது. அந்த ஆறு குடும்பத்தோடும் மொட்டையாகப் பேசப் பழகிக்கொண்டேன். இரண்டாவதைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புல் பிடுங்குவதைப் பற்றி வட்டை விதானையின் மகனுக்கா சொல்லித் தர வேண்டும்?

மாரியில் எல்லாம் சரியாகவே போனது. கார்த்திகை மழைக்குக் குரக்கனும் எழுந்தது, கூடவே புல்லும் கொடியும் எழுந்தன. ஒரு சாண் கன்றின் மேல் கொவ்வைக் கொடி படர்ந்தால், பத்து நாளில் உள்ளே இருப்பது மஞ்சளாகி, நூல் போல இழுபட்டு, தலையைச் சாய்த்துவிடும். கொடியை அறுத்துவிட்டால் அடுத்த கிழமையே இலை பச்சை பிடிக்கும். இதை என் கண்ணால் பார்த்தேன். அதனால் என் நம்பிக்கை இன்னும் இறுகியது. ஆறு குடும்பத்தையும் ஓய விடாமல் புல் பிடுங்க வைத்தேன். அவர்களும் முகம் சுளிக்காமல் செய்தார்கள்.

மாசியில் குரக்கன் அறுத்தார்கள். ஐந்து துண்டுக்காரரும் தட்டையை அடியோடு வெட்டி, குவித்து எரித்து, நிலத்தை மண்வெட்டியால் சுரண்டிக் காட்டினார்கள். கருமண்ணில் முதிரைக் கன்றுகள் மட்டும் நூல் பிடித்தது போல நின்றன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதே எனக்கு ஒரு சந்தோசம். அப்பா இருந்திருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருப்பேன்.

ஆறாவது துண்டு மட்டும் என் கண்ணில் விழுந்த தூசியாக இருந்தது. அது கடைசித் துண்டு, காட்டை ஒட்டியது. அங்கே இருந்தவளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. புருசன் மாரி முழுக்க மலேரியாக் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு, வாடி என்று அவர்கள் சொல்லும் ஓலைக் குடிசைக்குள் கிடந்தான். அவள் ஒருத்தியாகக் குரக்கன் கதிரை மட்டும் கொய்துகொண்டு தட்டையை அப்படியே நிற்க விட்டிருந்தாள். சோளன் தட்டையும் நின்றது. பயற்றங்கொடி அதற்குள் ஓடியது. போதாக்குறைக்குப் புல்லும் ஆவரசும் இடுப்பளவுக்கு வந்துவிட்டன.

பங்குனியில் ஒருநாள் காலையில் போய் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"இதென்ன சேனையா, பண்டிக் காடா? எல்லாரும் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டாங்க. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

"வெட்டத்தான் வேணும், கார்ட் ஐயா. எனக்கு ரெண்டு கைதானே இரிக்கு. ஒண்டு புள்ளையப் புடிக்கிது."

வாடிக்குள்ளிருந்து புருசன் எழுந்து வரப் பார்த்து, கம்பைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் என் கோபம் இறங்கிவிட்டது. எனக்குக் கோபம் வருகிற வேகத்திலேயே போயும்விடும். சட்டையைக் கழற்றி ஒரு எரிந்த கட்டையின் மேல் தொங்கவிட்டேன். அவளுடைய மண்வெட்டியை வாங்கிக்கொண்டு மேற்கு ஓரத்து இரண்டு நிரையை நானே வெட்டத் தொடங்கினேன். உச்சி வெயில் வரை வெட்டினேன். தட்டை, கொடி, புல் எல்லாவற்றையும் வேரோடு வாரி வெளியே போட்டேன். கன்றுகளைச் சுற்றி மண்ணை வயல் வரம்பு மாதிரி அணைத்து வைத்தேன். அவள் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டு வந்து தந்தாள்.

"இப்பிடி இரிக்கணும்," என்றேன். "மிச்சத்தையும் இதே மாதிரிச் செய்ங்க."

அவள் அந்த இரண்டு நிரையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடிவாத்தான் இரிக்கு, ஐயா. ஆனா பாக்கப் பாவமாயும் இரிக்கு. மொட்டை வழிச்ச புள்ளையள வெயில்ல நிப்பாட்டினாப்போல."

நான் சிரித்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிறைவோடு நடந்தேன். ஊருக்குப் போய் இதை இரண்டு பேரிடம் சொல்லவும் செய்தேன்.

வைகாசியில் கச்சான் காற்று தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அதை அறியாதவர் இல்லை. மேற்கே மலைகளைத் தாண்டி ஈரமில்லாமல் இறங்கி வருகிற காற்று. காலையில் பத்து மணிக்குப் பிடித்தால் பொழுது சாயும்வரை விடாது. உதடு வெடிக்கும், மாட்டுக்குக் கண் சிவக்கும். சுத்தமாகச் சுரண்டிய அந்த ஐந்து துண்டிலும் மத்தியானத்தில் வெறுங்காலை வைக்க முடியாது. முதலில் கன்றுகளின் இலை ஓரம் சுருண்டது. பிறகு பழுப்பானது. பிறகு உதிர்ந்தது.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மண் இறுகிவிட்டது, வேருக்கு மூச்சு விட இடமில்லை என்று முடிவு கட்டி, ஐந்து குடும்பத்தையும் கூப்பிட்டு, கன்றைச் சுற்றி மண்ணைக் கொத்திவிடச் சொன்னேன். முளைத்திருந்த நாலு புல்லையும் பிடுங்கச் சொன்னேன். வயலில் நெல் மஞ்சளித்தால் அதைத்தானே செய்வோம். ஆனால் வயலுக்கு வாய்க்கால் இருக்கிறது. இங்கே மேல்மண்ணில் ஒளிந்திருந்த கடைசி ஈரத்தையும் நாங்கள் கொத்திக் கொத்திக் காற்றுக்குக் கொடுத்தோம். அவர்கள் நான் சொன்னபடி செய்தார்கள். அவர்கள் என்னை நம்பினார்கள் என்பதுதான் இதில் பெரிய கொடுமை.

அந்த இரண்டு நிரையை வெட்டிவிட்டு வந்த பிறகு ஆறாம் துண்டுக்குள் நான் கால் வைக்கவில்லை. வண்டிப் பாதையில் போகும்போது பார்ப்பேன். நான் வெட்டிய இரண்டு நிரை மேற்கு ஓரத்தில், பாதைக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தது. பாதையிலிருந்து தெரிந்ததெல்லாம் காய்ந்த தட்டையும் புல்லும்தான். இவ்வளவு சொல்லியும், நானே இறங்கி வெட்டிக் காட்டியும் அசையவில்லையே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போவேன்.

மாதக் கடைசியில் நான் றேஞ்சருக்கு அறிக்கை எழுத வேண்டும். ஆனி மாத அறிக்கையில் ஐந்து துண்டுகளைப் பற்றிக் 'காற்றினால் பாதிப்பு' என்று எழுதினேன். ஆறாவதைப் பற்றி இப்படி எழுதினேன்: 'அசட்டை. புல் மண்டிக் கிடக்கிறது. கன்று எதுவும் தெரியவில்லை. அடுத்த முறை பெர்மிட் கொடுக்கத் தேவையில்லை.' கன்று தெரியவில்லை என்பது உண்மை. நான் போய்ப் பார்க்கவில்லை என்பதை எழுதவில்லை. ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் சொல்லைக் கேட்ட ஐந்து பேருடைய கன்றும் செத்துக்கொண்டிருந்தது. என் சொல்லைக் கேட்காததால் கெட்டுப்போன ஒருத்தியாவது எனக்கு வேண்டியிருந்தது.

ஆடி நடுவில் றேஞ்சரின் கடிதம் வந்தது. மாதக் கடைசியில் துண்டுகளைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். ஆறாம் துண்டுக்காரருக்கு அடுத்த முறை நிலம் இல்லை, வாடியைப் பிரித்துக்கொண்டு ஆவணிக்குள் வெளியேறும்படி அவர்களுக்கு அறிவிக்கவும் என்று அதில் இருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்னேரம் மூன்று மணிபோல ஆறாம் துண்டுக்கு நடந்தேன். போகிற வழியில் ஐந்தாம் துண்டில் ஒரு கன்றைப் பிடித்து வளைத்துப் பார்த்தேன். நெருப்புக்குச்சி போல முறிந்தது.

வாடி வாசலில் புருசன் உட்கார்ந்திருந்தான். முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஓடத் தொடங்கியிருந்தது. குழந்தை அவன் மடியில் தூங்கியது.

"மேக்கால நிக்கிறா, ஐயா. உள்ளுக்குள்ளால போங்க, கிட்ட."

புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். நாலடி வைத்ததும் காற்றின் இரைச்சல் தலைக்கு மேலே போய்விட்டது. காலுக்குக் கீழே மண் சுடவில்லை. அது என்ன என்று யோசிக்காமலேயே நடந்தேன். சோளன் தட்டை ஒன்றை ஒதுக்கியபோது அதன் அடியில் ஒரு முதிரைக் கன்று நின்றது. பச்சை இலை. முழங்கை உயரம். மாசியில் நான் கடைசியாகப் பார்த்தபோது அது ஒரு சாண் இருந்தது.

நிரைகளுக்குக் கயிறு பிடித்தவன் நான். எங்கே அடுத்த கன்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். மூன்று எட்டு வைத்துப் புல்லை விலக்கினேன். நின்றது. இன்னும் மூன்று எட்டு. நின்றது. சிலவற்றைக் கொடி நெரித்துக் கொன்றிருந்தது, அதுவும் உண்மை. மற்றவை உயிரோடு நின்றன. தட்டையின் கீற்று நிழல் அவற்றின் மேல் விழுந்து அசைந்துகொண்டிருந்தது. முழு இருட்டுமில்லை, முழு வெயிலுமில்லை. குந்தியிருந்து, உதிர்ந்த சருகை ஒதுக்கி, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தேன். ஆடி மாதக் கச்சானில், விரல் நுனிக்குக் குளிர்ந்தது. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. சந்தோசத்தில் வந்த அழுகை என்று சொல்ல ஆசைதான், ஆனால் சட்டைப் பையில் கடிதம் இருந்தது.

மேற்கு ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன். நான் வெட்டிய இரண்டு நிரையும் நான் விட்டது போலவே வெறுமையாகக் கிடந்தன. ஆனால் கன்று இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் மேற்குப் பக்கமாக ஒரு குழை குத்தியிருந்தது. இலையோடு வெட்டின வீரை மரக் கொப்பு. சில காய்ந்திருந்தன, சில அன்று வெட்டினவை. ஒவ்வொரு குழைக்கும் கிழக்கே, அதன் நிழலில், இரண்டு மூன்று இலையோடு ஒரு குட்டிக் கன்று. அவை நான் கொடுத்த நாற்றுப்பாத்திக் கன்றுகள் அல்ல. தண்டு மெலிந்து, இலை அகன்று, காட்டுக்குள் முளைத்தவை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அவள் காட்டு விளிம்பிலிருந்து ஒரு கட்டுக் குழையைச் சுமந்துகொண்டு வந்தாள். என்னைக் கண்டதும் களவு செய்து பிடிபட்டவள் மாதிரி நின்றுவிட்டாள்.

"இதென்ன வேலை?" என்று கேட்டேன்.

"கோபிக்காதீங்க, ஐயா. நீங்க வெட்டின ரெண்டு நிரையும் சித்திரை முடியக்குள்ளயே பட்டுப் போச்சி. மறுகா உள்ளுக்க பெரிய முதிரைக்குக் கீழ முளைச்சிக் கிடந்த கண்டுகளை மண்ணோட கெல்லி வந்து வெச்சன். முதல் வெச்சதெல்லாம் ஒரே நாள்ல தலையப் போட்டுட்டு. நிழலுக்குள்ள பொறந்ததுக்கு இந்த வெயிலு புதுசுதானே. மறுகாதான் குழை குத்தினன். பின்னேர வெயில் விழுற பக்கம் மட்டும். காலத்தால வெயில் அதுகளுக்கு வேணும், இல்லாட்டி மஞ்சளிச்சிப் போகுது."

"தண்ணி?"

"மடுவிலிரிந்து கொண்டந்து ஆளுக்கொரு சிரட்டை."

மடு என்று அவள் சொன்னது ஆற்றில் வற்றாமல் கிடந்த ஒரு குழி. அது அங்கிருந்து கால் மைலுக்குக் குறையாது. காய்ச்சல்காரப் புருசனையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, மிச்சத் துண்டில் புல் வெட்ட நேரமில்லாதவள், இந்த இரண்டு நிரைக்கு மட்டும் தினமும் தண்ணீர் சுமந்திருக்கிறாள்.

"இந்த ரெண்டு நிரைக்கு மட்டும் ஏன்? மிச்சமெல்லாம் நல்லாத்தானே நிக்கிது?"

அவள் குழையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"றேஞ்சர் ஐயா வந்து, ஆர் இப்பிடி வெட்டிச் சாகடிச்ச எண்டு கேட்டா நான் என்ன சொல்லுற? கார்ட் ஐயா எண்டு சொல்ல ஏலுமா? எங்களுக்காகச் சட்டையக் கழட்டிப் போட்டு வெட்டின நீங்க. உங்கட வேலைக்கி ஒண்டும் வந்திரப்படாது எண்டுதான்."

பிறகு, வேறு பேச்சு மாதிரி, என் சட்டைப் பையைப் பார்த்துக் கேட்டாள்: "கடிதம் ஏதும் வந்ததா, ஐயா? அடுத்த துண்டு எங்களுக்கு எங்கால எண்டு தெரிஞ்சா இவர் மெல்ல மெல்ல வெட்டத் தொடங்குவார். இப்ப எழும்பி நடக்கிறார்."

"இன்னும் வரல்ல," என்றேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் செங்கலடிக்குப் புறப்பட்டேன். றேஞ்சர் அங்கே அரசாங்க விடுதியான வாடிவீட்டில் தங்கியிருந்தார். கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தவர், என் காலெல்லாம் புழுதியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். அவருடைய கடிதத்தையே எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"ஆறாம் துண்டைப் பற்றி நான் எழுதினது சரியில்லை, ஐயா. கன்று எல்லாம் நிக்கிது. அங்க மட்டும்தான் நிக்கிது."

"அப்ப நீ எழுதினது பொய்யா, பிழையா?"

"எழுதக்குள்ள பிழை, ஐயா. நேற்றிலிருந்து பொய்."

அவர் கோப்பியை வைத்தார். "மற்ற அஞ்சு துண்டும்?"

"அவங்க நான் சொன்னதைத்தான் செய்தாங்க. சுரண்டச் சொன்னது நான். கொத்தச் சொன்னதும் நான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "புல் அமுக்கப்படாது எண்டுதானே நான் சொன்னது," என்றார். "புல்லே இருக்கப்படாது எண்டு எப்ப சொன்னன்?" பிறகு வண்டியைப் பூட்டச் சொன்னார்.

ஆறாம் துண்டில் அவர் சப்பாத்தோடு புல்லுக்குள் இறங்கி, கைத்தடியால் விலக்கி விலக்கி நிரை முழுக்கப் பார்த்தார். ஓரிடத்தில் முழங்காலில் நின்று, நான் செய்தது போலவே விரலை மண்ணுக்குள் விட்டார். செய்தி கேட்டு மற்றக் குடும்பங்களும் வந்து பாதையோரம் நின்றன. அவர்களுடைய முகங்களை நான் பார்க்கவில்லை. றேஞ்சர் மேற்கு ஓரத்துக்கு வந்து, வெறுமையாகக் கிடந்த இரண்டு நிரையையும் குழைகளையும் கண்டு நின்றார்.

"இது மட்டும் ஏன் இப்பிடி? ஆர் இதை வெட்டினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அது என்ட கைப்பிழை, ஐயா. தெரியாமச் செஞ்சிட்டன்."

"இல்ல, அக்கா," என்றேன். "அது நான் வெட்டின நிரை."

சட்டையைப் போட்டுக்கொண்டு நான் முறை சொன்னது அதுதான் முதல் தடவை. றேஞ்சர் என்னைப் பார்த்தார். கடிதம் அவர் கையில் இருந்தது. அதை அவர் எல்லோருக்கும் முன்னால் வாசித்திருக்கலாம். நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறு குடும்பத்துக்கும் அடுத்த துண்டுக்குப் பெர்மிட் கொடுத்தார். செத்த கன்றுகளுக்குப் பதில் மாரியில் நட்டுத் தர வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எனக்கு மார்கழியோடு வாழைச்சேனைப் பக்கத்து மரக் கிடங்குக்கு மாற்றம் வந்தது. வெட்டிக் கிடத்திய மரங்களைக் காவல் காக்கிற வேலை. அவற்றை இனி என்னால் கொல்ல முடியாது என்று றேஞ்சர் நினைத்திருப்பார். நியாயமான நினைப்புத்தான்.

போவதற்கு முன் அந்த மாரியின் முதல் மழைக்கு அங்கே இருந்தேன். மழை விழுந்ததும் புல் வெறி பிடித்து எழுந்தது. கோடை முழுக்கக் கன்றைக் காத்த அதே புல் இப்போது அதன் தலைக்கு மேல் ஏறி வெளிச்சத்தை மறைத்தது. என்ன செய்வது என்று அவள் என்னைக் கேட்டாள். தெரியாது அக்கா என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்திருக்கிறது. இருவரும் ஆளுக்கொரு நிரையாக வெட்டிப் பார்த்தோம். வேரைத் தொடாமல், கன்றின் தோள் மட்டத்துக்குப் புல்லின் தலையை மட்டும் கத்தியால் சீவிவிட்ட நிரைதான் நன்றாக வந்தது. அதையே மற்ற ஐந்து குடும்பத்துக்கும் சொன்னோம். சொன்னது அவள். நான் பக்கத்தில் நின்றேன்.

வாழைச்சேனைக்குப் போன பிறகு ஒவ்வொரு மாசியிலும் எனக்கு ஒரு சிறு சாக்கில் குரக்கன் வந்து சேர்ந்தது. அந்தப் பக்கம் வருகிற வண்டியில் கொடுத்து விடுவாள். 'எங்களுக்குத் துண்டு வாங்கித் தந்த கார்ட் ஐயாவுக்கு' என்று வண்டிக்காரன் வாய்ப்பாடமாகச் சொல்லி இறக்கி வைப்பான். நான் வாங்கிக்கொள்வேன். கலியாணமான பிறகு என் வீட்டுக்காரி அதில் ரொட்டி சுட்டுத் தருவாள், தயிரோடு தின்போம். நல்ல குரக்கன். அந்தக் கடிதத்தைப் பற்றி மட்டும் நான் அவளுக்குச் சொல்லி அனுப்பியதில்லை.

நாற்பதுகளில் ஒரு வேலையாக உன்னிச்சைப் பக்கம் போக நேர்ந்தது. சேனை இருந்த இடத்தில் முதிரைகள் வளர்ந்து நின்றன. நெருங்கி நின்றவை பக்கக் கொப்பை உதறிவிட்டு வெளிச்சத்தைத் தேடி நேரே மேலே போயிருந்தன. மேற்கு ஓரத்து இரண்டு நிரை மட்டும் கட்டை. அவற்றின் அடித்தண்டு கிழக்கே கொஞ்சம் சரிந்து, பிறகு நிமிர்ந்திருந்தது. சின்ன வயதில் குழை மறைக்காத பக்கம்தான் அவற்றுக்கு வெளிச்சம். அந்தப் பக்கமே எட்டிப் பார்த்து வளர்ந்திருக்கின்றன.

அவள் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. புருசனும் அவளும் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். "இது கார்ட் ஐயாட நிரை," என்று அவள் சொன்னாள். "இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுற."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அந்த வருசம் உங்களுக்குப் பெர்மிட் குடுக்க வேணாம் எண்டு எழுதினது நான்தான். உங்கட துண்டுக்குள்ள வந்து பாக்காமலே எழுதின நான். மறுகா போய் மாத்தினன். நீங்க குழை குத்திக்கொண்டு நிண்ட நேரம் அந்தக் கடிதம் என்ட பைக்குள்ள கிடந்தது."

புருசன் வேறு பக்கம் பார்த்தான். அவள் ஒரு மரத்தின் சரிந்த அடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். திட்டினால் நல்லது என்றும் இருந்தது.

"இவ்வளவு வருசமும் குரக்கன் திண்ட நீங்கதானே," என்றாள். "அப்ப ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

அவ்வளவுதான். வாடிக்குத் திரும்பி வந்தோம். தேத்தண்ணி தந்தாள், பனங்கட்டி தரவில்லை.

அடுத்த மாசியில் குரக்கன் வரவில்லை. வண்டிக்காரனிடம் நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த மாசியில் வந்தது.